அப்பா என்ன பண்றாரு?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் தமிழ்நாட்டில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எவ்வளவு மார்க்?" இரண்டாவது கேள்வி, "எந்த காலேஜ்?" மூன்றாவது கேள்வியைச் சொந்தக்காரர்கள் கேட்பதில்லை. வங்கி கேட்கிறது. "அப்பா என்ன பண்றாரு?"

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இந்தக் கேள்விக்கு ரொம்ப காலமாக ஒரே பதில்தான். "தறி, சார்."

இந்தப் பதிலைக் கேட்டதும் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன மௌனம் வரும். இந்த வாரம் அந்த மௌனத்தைப் பற்றித்தான்.

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். நாவலுக்கு எழுதுகிறோம். லட்சக்கணக்கான குடும்பங்கள் வாழ்க்கையையே நம்பி ஒப்படைக்கிற கல்விக் கடன் திட்டத்தை மட்டும் யாரும் உட்கார்ந்து படித்து, இது நன்றாக இருக்கிறது, இது சரியில்லை என்று சொல்வதில்லை. வரிவரியாகப் படித்துப் பார்த்தேன். பி.காம். படித்ததில் எனக்கு மிஞ்சியது இந்த மாதிரி பொடி எழுத்துக் காகிதங்களைப் படிக்கிற பொறுமை ஒன்றுதான்.

முதலில் கொஞ்சம் வரலாறு. கேனரா வங்கியின் தலைவராக இருந்த ஆர்.ஜே.காமத் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அது சொன்ன யோசனைகளை வைத்து இந்திய வங்கிகள் சங்கம் ஒரு மாதிரித் திட்டம் தயாரித்தது. 2001 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் யஷ்வந்த் சின்கா அதை அறிவித்தார். அந்த ஏப்ரலிலேயே ரிசர்வ் வங்கி அதை எல்லா வங்கிகளுக்கும் அனுப்பியது. பிறகு ப.சிதம்பரம் நிதியமைச்சராக இருந்தபோது போகிற மேடையெல்லாம் கல்விக் கடனைப் பற்றிப் பேசினார். தமிழ்நாட்டுப் பெற்றோர்கள் அதைக் காதில் வாங்கிக்கொண்டார்கள். வங்கி வாசலில் கூட்டம் நின்றது.

திட்டம் எழுதப்பட்ட விதத்தைப் பார்த்தால் உண்மையிலேயே நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறார்கள். 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஜாமீன் கிடையாது. வெளி ஆள் ஜாமீன் கிடையாது. கைக்காசு போட வேண்டியதும் கிடையாது. அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். 2015-ல் மத்திய அரசு ஒரு கடன் உத்தரவாத நிதியும் ஏற்படுத்தியது. அதன்கீழ் வருகிற கடன் ஏழரை லட்சம் வரை இருந்தாலும் சொத்தோ ஜாமீன்தாரரோ கேட்கக் கூடாது. பணம் திரும்பி வராமல் போனால் 75 சதவீதத்துக்கு அந்த நிதி பொறுப்பு.

இதற்கு மேல் வேறென்ன வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, இரண்டே இரண்டு வாக்கியங்களைத் தவிர.

கடன் கேட்பவரை எப்படி எடைபோடுவது என்று சொல்கிற பகுதியில் இந்த வாக்கியங்கள் வருகின்றன. முதல் வாக்கியத்தின் சாரம் இது: சாதாரணமாக, படிக்கப் போகிற பிள்ளை நாளைக்கு என்ன சம்பாதிக்கும் என்பதை மட்டுமே பார்க்க வேண்டும். கவனியுங்கள், 'மட்டுமே'. இதற்காகவே அந்தக் குழுவுக்கு ஒரு மாலை போடலாம். நம் நாட்டில் ஏழைப் பிள்ளையின் எதிர்காலத்தை நம்பிப் பணம் கொடு என்று ஒரு வங்கிக் காகிதம் சொல்வது லேசான விஷயமா?

அடுத்த வாக்கியம் அந்த மாலையைக் கழற்றிவிடுகிறது. அதன் சாரம்: இருந்தாலும், தேவைப்பட்டால், பெற்றோரின் வசதியையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

'இருந்தாலும்', 'தேவைப்பட்டால்'. இந்த இரண்டு வார்த்தைகளுக்குள் ஒரு பிள்ளையார்பாளையமே மாட்டிக்கொண்டிருக்கிறது. தேவை எப்போது, யாருக்கு, அதை யார் தீர்மானிப்பது என்று ஒரு விளக்கமும் கிடையாது. ஆகவே கிளை மேலாளர் தீர்மானிக்கிறார். அவருக்கு எப்போதும் தேவைப்படுகிறது.

*

பிள்ளையார்பாளையம் என்றால் எல்லோருக்கும் கைலாசநாதர் கோயில் ஞாபகம் வரும். ராஜசிம்ம பல்லவன் கட்டி 1,300 வருஷம் ஆகிறது. அந்தக் கோயிலைச் சுற்றியிருக்கிற தெருக்களில் தறிச் சத்தம் குறைந்திருக்கிறதே தவிர நின்றுவிடவில்லை. ஒரு கோர்வைச் சேலை நெய்வது ஒரு ஆள் வேலை இல்லை. உடலும் பார்டரும் வேறு வேறு நிறமாக இருக்கும். இரண்டையும் இழை இழையாகக் கோர்க்க வேண்டும். ஒருவர் தறியில், இன்னொருவர் பக்கத்தில் நாடா தள்ள. பெரும்பாலும் புருஷன், பெண்டாட்டி. சேலை முடிய பத்து, பதினைந்து நாள். வேலைப்பாடு கூடுதலாக இருந்தால் இன்னும் இழுக்கும். சேலைக்கு இவ்வளவு என்று கூலி. சங்கத்தில் போட்டால் சங்கத்துக் கூலி, முதலாளியிடம் போட்டால் அவர் கணக்கு நோட்டு. ஆடியில் ஒரு மாதிரி, கல்யாண சீசனில் ஒரு மாதிரி.

அதாவது, இந்தக் குடும்பத்துக்கு வருமானம் இருக்கிறது. வருமானத்துக்குக் காகிதம் இல்லை.

வங்கிக்குத் தெரிந்ததோ காகிதம் மட்டும்தான். மாசச் சம்பள ஸ்லிப் இருக்கா? இல்லை. வருமான வரிக் கணக்கு? கட்டுகிற அளவுக்கு வருமானம் இருந்தால் எதுக்கு சார் கடன் கேக்கறேன்? வீட்டுப் பத்திரம்? அண்ணன் தம்பி நாலு பேர் பேரில் இருக்கு. சரி, சிபில் ஸ்கோர் பார்க்கலாம் என்கிறார் அதிகாரி. அங்கேதான் பெரிய சிக்கல்.

தறிக்கு மூலதனமாக நெசவாளர் முத்ரா திட்டத்தில் ஒரு கடன் வாங்கியிருப்பார். பட்டு விலையும் ஜரிகை விலையும் ஏறி, சேலை தேங்கி, நாலு தவணை தவறியிருக்கும். வீட்டு அம்மா குழுக் கடனில் இருப்பார். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டாலும் தலைவலி எல்லோருக்கும். இதெல்லாம் சேர்ந்து அப்பாவின் ஸ்கோரைக் கீழே இழுத்துவிடும். அப்பாவுக்குப் பாவு தேங்கிய பாவம், மகளுடைய இன்ஜினீயரிங் சீட்டில் வந்து விடிகிறது.

இது நியாயமா என்று ஒரு கோர்ட்டே கேட்டுவிட்டது. பெற்றோரின் கடன் ஸ்கோர் சரியில்லை என்பதற்காக மாணவனுக்குக் கல்விக் கடன் மறுக்கக் கூடாது, திருப்பிக் கட்டப் போவது படித்து முடித்த பிள்ளைதான், அவனுடைய சக்தியைத்தான் பார்க்க வேண்டும் என்று கேரள உயர்நீதிமன்றம் 2020-ல் தீர்ப்பளித்தது. 2023-லும் ஸ்கோர் குறைவு என்று கடன் மறுத்த ஒரு வழக்கில், மாணவர்கள் விஷயத்தில் வங்கிகள் மனிதாபிமானத்தோடு நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லி மாணவன் பக்கமே நின்றது. நம் பக்கத்து மாநிலத்துத் தீர்ப்பு நம் ஊர்க் கிளையை நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்று வக்கீல்கள் சொல்வார்கள். இருக்கட்டும். நீதிபதி ஒன்றும் புதிதாகச் சட்டம் எழுதவில்லை. திட்டத்தின் முதல் வாக்கியத்தைத்தான் எடுத்து நிறுத்தினார்.

*

வங்கிக்காரர்கள் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் ஒன்றும் வில்லன்கள் இல்லை. 2022 ஜூன் முடிவில் பொதுத்துறை வங்கிகளின் கல்விக் கடனில் 7.8 சதவீதம் வாராக் கடன். நூறு ரூபாய் கொடுத்தால் எட்டு ரூபாய் தொங்கலில் இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக் கடன் நின்றுபோனால் வீட்டை எடுத்துக்கொள்ளலாம். கார் கடன் என்றால் காரை ஓட்டிக்கொண்டு போகலாம். பி.இ. பட்டத்தை எடுத்துக்கொண்டு போய் என்ன செய்வது? கடன் கெட்டால் தலைமை அலுவலகம் கேள்வி கேட்பது, கையெழுத்துப் போட்ட மேலாளரைத்தான். அவருக்கு ரிட்டயர்மென்ட் இன்னும் மூன்று வருஷத்தில். 'இருந்தாலும், தேவைப்பட்டால்' என்று தப்பிக்க ஒரு சந்து இருக்கும்போது அவர் ஏன் நடுரோட்டில் நடக்கப் போகிறார்?

ஆனால் அந்தச் சந்தில் அவர் நுழைந்தால் பிள்ளையார்பாளையத்தில் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கவுன்சலிங் முடிந்ததும் காலேஜ் ஒரு தேதி கொடுக்கும். அந்தத் தேதிக்குள் பணம் கட்டாவிட்டால் சீட் போய்விடும். வங்கி 'மேலே அனுப்பியிருக்கு' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். தேதிக்கு முந்தின நாள் ராத்திரி அம்மாவின் கழுத்து வெறுங்கழுத்தாகிறது. நகைக்கும் மிஞ்சிய தேவைக்குத் தெருவில் ஆள் இருக்கிறார். நூத்துக்கு ரெண்டு வட்டி.

ரெண்டு ரூபாய் வட்டி என்றால் காதுக்கு ரொம்பச் சின்னதாகக் கேட்கிறது. பத்து சதவீதம் என்றால் பெரிதாகக் கேட்கிறது. இந்தக் காது கோளாறில்தான் பாதி தமிழ்நாடு கடனாளி ஆனது. ரெண்டு ரூபாய் என்பது மாசத்துக்கு. வருஷத்துக்கு 24 சதவீதம். ஒரு லட்சம் வாங்கினால் மாசம் 2,000. நாலு வருஷப் படிப்பு முடிவதற்குள் 96,000 ரூபாய் வட்டியாகவே போயிருக்கும், அசல் ஒரு லட்சம் அப்படியே முழுசாக நிற்கும். தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. அவசரத்துக்குப் பணம் கொடுக்கிறவர் மேல் யார் போய் புகார் கொடுப்பது?

இப்போது வங்கிக் கணக்கு. வருஷத்துக்கு ஒரு லட்சமாக நாலு வருஷத்தில் 4 லட்சம், வட்டி பத்து சதவீதம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். படிக்கிற காலமும் அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் தனி வட்டி ஓடும். முதல் லட்சத்துக்கு ஐந்து வருஷம், அடுத்ததுக்கு நாலு, அடுத்தது மூன்று, கடைசி லட்சத்துக்கு இரண்டு. மொத்தம் 1,40,000. ஆக, தவணை ஆரம்பிக்கிற நாளில் கடன் 5,40,000. பத்து வருஷத்தில் அடைப்பதென்றால் மாசம் சுமார் 7,140 ரூபாய். பதினைந்து வருஷம் என்றால் சுமார் 5,800.

இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்பு படிக்கிற பிள்ளைக்கு அந்த ஐந்து வருஷ வட்டியை மத்திய அரசே கட்டுகிற மானியத் திட்டம் 2009-10 கல்வியாண்டிலிருந்து இருக்கிறது. அது கிடைத்தால் 5,40,000 என்பது 4 லட்சமாகவே நிற்கும். பத்து வருஷத் தவணை மாசம் சுமார் 5,290 ஆகிவிடும். மாசத்துக்கு 1,850 மிச்சம். பத்து வருஷத்தில் 2,20,000 ரூபாய்க்கு மேல். தாசில்தார் ஆபீஸில் வாங்குகிற ஒரு வருமானச் சான்றிதழின் விலை இது! சான்றிதழை வாங்கிவிட்டு அதை வங்கியில் கொடுக்க மறந்தவர்கள், கொடுத்துவிட்டு 'மானியத்துக்குப் போட்டாச்சா?' என்று கேட்காமல் விட்டவர்கள், தயவுசெய்து இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிக்கவும்.

ஒரு குறையும் உண்டு. மானியம் தொழிற்படிப்புக்குத்தான். மகள் பி.காம். படிக்க ஆசைப்பட்டால் கடன் கேட்கலாம், இந்த வட்டி மானியம் வராது. எங்கள் ஜாதியை மத்திய அரசு எப்போதுமே கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்க்கிறது.

*

காஞ்சிபுரத்தை ஏன் பிடித்துக்கொண்டேன்? தறி நெய்கிற ஊர் சேலத்தில் இல்லையா, ஆரணியில் இல்லையா? உண்டு. ஆனால் பெற்றோர் கடனுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் காஞ்சிபுரத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

ஒரு காலத்தில் இந்த ஊரில் 'முன்பணம்' என்று ஒன்று இருந்தது. கல்யாணமோ, காய்ச்சலோ, சாவோ, வீட்டில் ஒரு செலவு வரும். தறி முதலாளியிடம் அப்பா முன்பணம் வாங்குவார். அந்தக் கடனுக்கு வீட்டுப் பையனோ பெண்ணோ முதலாளியின் தறியில் பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ளிக் கொடுக்க வேண்டும். கூலியில் பிடித்தம் போகும். கடன் தீராது. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயசு தறிக்குழியில் போகும். கொத்தடிமை முறையை 1976-லேயே சட்டம் போட்டு ஒழித்தாயிற்று. 2003-ல் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. அதற்கப்புறம் கெடுபிடிகள் வந்தன, பள்ளிக்கூடங்கள் இழுத்துக்கொண்டன, தறிக்குப் பிள்ளைகளை அனுப்புவது குறைந்தது. நல்லது.

பிரியதர்ஷன் இயக்கத்தில் 2008-ல் வெளிவந்த 'காஞ்சிவரம்' படம் பார்த்திருப்பீர்கள். பிரகாஷ்ராஜுக்குத் தேசிய விருது வாங்கிக்கொடுத்த படம். மகளைப் பட்டுச்சேலை கட்டித்தான் கல்யாணம் பண்ணி அனுப்புவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்ட ஒரு நெசவாளி, தறிக்கூடத்திலிருந்து பட்டு நூலை வாயில் மறைத்து எடுத்து வருகிற கதை. தான் நெய்வதைத் தன் மகள் உடுத்த முடியாது என்ற கொடுமையை அந்தப் படம் சொன்ன மாதிரி வேறு எதுவும் சொல்லவில்லை. ஆனால் படத்தை இன்றைக்குப் பார்க்கும்போது ஒன்று தோன்றுகிறது. அந்த அப்பாவுடைய வாக்கு இப்போது மாறிவிட்டது. பிள்ளையார்பாளையத்து அப்பாக்கள் இப்போது மகளுக்குக் கொடுக்கிற வாக்கு பட்டுச்சேலை இல்லை. பட்டம். 'என்னோட இந்தத் தறி முடியட்டும். நீ படி.'

அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் அவர் வங்கிக்கு வருகிறார். பிள்ளையைத் தறியில் கட்டிப்போட ஒரு காலத்தில் கடன் இருந்தது. தறியிலிருந்து அவிழ்த்துவிட இப்போது ஒரு கடன் வந்திருக்கிறது. இதை இந்த ஊரில் யாரும் சாதாரண விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் அந்தக் கடன் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று இவ்வளவு நுணுக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால், கொஞ்சம் அசந்தால் புதுக் கடனும் பழைய கடன் மாதிரியே நடந்துகொள்ள ஆரம்பித்துவிடும். அப்பா வாங்குவார், பிள்ளையின் கூலியில் பிடித்தம் போகும், கடன் தீராது.

இந்த ஊரில் பிறந்த அறிஞர் அண்ணாவும் நெசவாளர் சமூகத்திலிருந்து வந்தவர்தான். குடும்பத்துக்கு உதவ வேண்டும் என்று பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு காஞ்சிபுரம் நகராட்சியில் குமாஸ்தா வேலை பார்த்தார். பிறகுதான் பச்சையப்பன் கல்லூரி, எம்.ஏ. எல்லாம். அவர் அந்தக் குமாஸ்தா நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தால்? படிப்புக்கும் வீட்டுச் செலவுக்கும் நடக்கிற இழுபறியில் எத்தனை அண்ணாக்களை நகராட்சி ஆபீஸ்களும் தறிக்குழிகளும் வைத்துக்கொண்டன என்பதற்கு யாரிடமும் கணக்கு இல்லை.

*

அடுத்தது, திருப்பிக் கட்டுவது. திட்டத்தின் பெரிய ஓட்டை இங்கேதான்.

படிப்பு முடிந்து ஒரு வருஷம் ஆனதும் தவணை ஆரம்பிக்கும். வேலை கிடைத்தாலும் ஆரம்பிக்கும், கிடைக்காவிட்டாலும் ஆரம்பிக்கும். காலண்டருக்குத் தெரிவது தேதி மட்டும்தான். பி.இ. முடித்துவிட்டு ஒரகடம் பக்கம் ஒப்பந்தத் தொழிலாளியாக பஸ் ஏறுகிற பையன்கள் காஞ்சிபுரத்தில் எத்தனை பேர்! ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலையை நம்பியிருந்த குடும்பங்களுக்கு 2014-ல் அது மூடினபோது என்ன ஆயிற்று என்று இந்த ஜில்லாவுக்குத் தெரியும். வேலை என்பது வரும், போகும். தவணை மட்டும் போகாது.

2016-ல் மதுரையில் நடந்ததை மறந்துவிடக் கூடாது. ஒரு பொதுத்துறை வங்கி தன்னுடைய வாராத கல்விக் கடன்களை ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றது. வசூலுக்கு ஆள் வந்தார்கள். இன்ஜினீயரிங் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த ஓர் இளைஞன் உயிரை விட்டான். கடன் இரண்டு லட்சம்கூட இல்லை. சட்டமன்றத்தில் பேசினார்கள், டிவியில் விவாதித்தார்கள். தேர்தலுக்குத் தேர்தல் 'கல்விக் கடன் ரத்து' என்று வாக்குறுதி வந்தது. ரத்து வரும் என்று காத்திருந்தவர்களுக்கு வட்டிதான் வந்தது. கடன் வங்கியுடையது. வாக்குறுதி கட்சியுடையது. இரண்டுக்கும் நடுவில் மாட்டியவன் பையன்.

மற்ற நாடுகளில் எப்படி? அமெரிக்காவில் பிள்ளையின் படிப்புக்குப் பெற்றோர் தங்கள் பெயரிலேயே வாங்குகிற 'பேரன்ட் பிளஸ்' என்ற அரசுக் கடன் 1980-ல் வந்தது. காலேஜ் செலவில் மற்ற உதவிகள் போக மிச்சம் எவ்வளவோ அவ்வளவும் வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார்கள். விளைவு, ரிட்டயர் ஆகிற வயசில் பிள்ளை படித்த கடனைக் கட்டுகிற அப்பா அம்மாக்கள். கடைசியில் 2025-ல் சட்டம் போட்டு, 2026 ஜூலை முதல் ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர் என்று கடிவாளம் போட்டார்கள். பெற்றோர் தலையில் கடனை ஏற்றுவது பணக்கார நாட்டிலேயே இப்படித்தான் முடிகிறது.

ஆஸ்திரேலியா 1989-ல் வேறு வழி கண்டுபிடித்தது. படிக்கும்போது கட்டணத்தை அரசு பார்த்துக்கொள்ளும். படித்து முடித்து, சம்பளம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் வரியோடு சேர்த்துப் பிடிப்பார்கள். சம்பளம் இல்லையா? பிடித்தமும் இல்லை. அப்பா என்ன பண்றார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. இங்கிலாந்தும் 1998-லிருந்து ஏறக்குறைய இந்த வழிக்கு வந்துவிட்டது. அங்கேயும் குறைகள் இருக்கின்றன, கடன் மலைபோல் ஏறுகிறது என்று புலம்புகிறார்கள். ஆனால் வேலை இல்லாத பையன் வீட்டு வாசலில் வசூல் ஆள் நிற்பதில்லை.

நம் திட்டத்திலும் இதற்கு ஒரு சின்ன ஜன்னல் உண்டு. 2015-ல் திருத்தியபோது, வேலை இல்லாத காலத்தில் இரண்டு மூன்று தடவை தவணையைத் தள்ளிவைக்கலாம், முதலில் குறைவாகவும் சம்பளம் ஏற ஏறக் கூடுதலாகவும் கட்டலாம், 15 வருஷம் வரை அவகாசம் தரலாம் என்றெல்லாம் சேர்த்தார்கள். எல்லாம் வங்கி மனசு வைத்தால். கடன் கொடுக்கும்போது இதை எத்தனை கிளைகளில் வாய் திறந்து சொல்கிறார்கள்? நீங்களே போய்க் கேட்டால்தான் உண்டு.

2024 நவம்பரில் பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சொத்தும் வேண்டாம், ஜாமீன்தாரரும் வேண்டாம். 8 லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பத்துக்கு, 10 லட்சம் வரையான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகை. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அறிவித்தபோது பட்டியலில் இருந்தவை நாடு முழுக்க 860 கல்வி நிறுவனங்கள். தேசியத் தரவரிசையில் முன்னால் நிற்பவை. ஐ.ஐ.டி.யில் இடம் பிடித்த பிள்ளைக்குக் கடன் கொடுக்க எந்த வங்கிதான் யோசிக்கப் போகிறது? வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் ஒரு சாதாரண காலேஜில் சேர்கிற நெசவாளர் மகளுக்குத்தான் திட்டம் தேவை. அவளுடைய காலேஜ் பட்டியலில் இல்லாவிட்டால் மறுபடியும் பழைய கவுன்ட்டர், பழைய கேள்வி.

மாநில அரசு செய்ததையும் சொல்ல வேண்டும். 2010-ல் வந்த முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை, 2021-ல் இன்ஜினீயரிங் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்த 7.5 சதவீத ஒதுக்கீடு, அவர்களுடைய கட்டணத்தை அரசே ஏற்றது, 2022-ல் புதுமைப்பெண், 2024-ல் தமிழ்ப் புதல்வன் என்று மாசம் 1,000 ரூபாய். இவை எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம் கவனித்தீர்களா? பிள்ளையைக் கடனாளி ஆக்கவில்லை. கட்டணம் குறைந்தால் கடன் தானாகக் குறையும். ஏழைக்குக் கடன் கொடுப்பதைவிட ஏழையிடம் வாங்குகிற ஃபீஸைக் குறைப்பது மேல் என்பதற்கு எந்த வாணிபவியல் பட்டமும் வேண்டாம்.

*

அதுவரைக்கும் கடன் கேட்டுத்தானே ஆக வேண்டும்? கேட்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்.

வாய்ப்பேச்சாகக் கேட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள். 2015-லிருந்து வித்யாலட்சுமி இணையதளம் இருக்கிறது, அதில் போட்டால் விண்ணப்பத்துக்கு ஒரு எண் கிடைக்கும். கிளையில் நேரில் கொடுத்தால் தேதி போட்டு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். "உங்க ஏரியா எங்க பிராஞ்சுக்கு வராது" என்று சொன்னால், அந்தக் காரணத்துக்காகக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 நவம்பரிலேயே சொல்லிவிட்டது என்று மரியாதையாக ஞாபகப்படுத்துங்கள். 4 லட்சத்துக்குள் கேட்டால் பத்திரம் கொண்டுவா என்பது திட்டத்தில் இல்லை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மறுப்பதென்றால் கிளை மேலாளருக்கு மேலே இருக்கிற அதிகாரியும் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது மாதிரித் திட்டத்திலேயே இருக்கிறது. எழுத்தில் கேட்டதும் பாதி மறுப்புகள் மறுபரிசீலனைக்குப் போய்விடும். புகார் கொடுத்து ஒரு மாதமாகியும் வங்கி பதில் சொல்லவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். பைசா செலவில்லை.

தனியாரிடம் போவது கடைசி வழியாக இருக்கட்டும். கல்விக் கடனுக்கென்றே 2006-ல் கிரெடிலா ஆரம்பித்தது, பிறகு வேறு நிறுவனங்களும் வந்தன. கடன் சீக்கிரம் கிடைக்கும். வெளிநாட்டுப் படிப்புக்குப் பெரிய தொகை வேண்டுகிறவர்களுக்கு அது ஒரு வழி. ஆனால் மத்திய அரசின் வட்டி மானியம் வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தில் வாங்குகிற கடனுக்குத்தான். அதை இழந்துவிட்டுத்தான் அங்கே போகிறீர்கள் என்பது தெரிந்து போங்கள். பொடி எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். முக்கியமாக, அப்பாக்கள்.

என்னுடைய விமர்சனத்தின் முடிவு இதுதான். இந்தத் திட்டத்தில் முதல் வாக்கியம் அருமை, இரண்டாவது வாக்கியம் மோசம். முதலாவதை எழுதியவர்கள் பிள்ளையை நம்பினார்கள். இரண்டாவதை எழுதும்போது அந்த நம்பிக்கை அவர்களையே பயமுறுத்திவிட்டது. உத்தரவாத நிதி வந்த பிறகு அந்தப் பயத்துக்கு அவசியம் இல்லை. 'இருந்தாலும்', 'தேவைப்பட்டால்' இரண்டையும் அடித்துவிடலாம். தவணையைக் காலண்டரிலிருந்து கழற்றி சம்பளத்தோடு கட்டிவிடலாம். இதற்குப் புதிதாக யாரும் பணம் அச்சடிக்க வேண்டியதில்லை.

அப்புறம் அந்தக் கவுன்ட்டரில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அதையும் அப்பாவைப் பார்த்துக் கேட்கக் கூடாது. பக்கத்தில் சர்ட்டிஃபிகேட் ஃபைலோடு நிற்கிறாளே, அவளைப் பார்த்துக் கேட்க வேண்டும்.

"என்னம்மா படிக்கப் போற?"